நீலத் துணியும் ரோடியர் மில்லும்

(புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு ஜூலை 30 மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் சுவரோரமாக நிற்கும் மில் தோழர்களே, வணக்கம். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது உங்களைப் பற்றித்தான். நீங்கள் கடைசியில் நின்று கேட்பது சரியாக இருக்காது.

நான் இந்த முதலியார்பேட்டையில் வளர்ந்தவன். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தினேன். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாருக்கும் அது தேவைப்படவில்லை. ரோடியர் மில் சங்கு ஊதும். அடுப்பு மூட்டுவது, குளிப்பது, பள்ளிக்குக் கிளம்புவது எல்லாம் அந்தச் சங்குக் கணக்குதான். பகல் ஷிப்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக வீட்டுப் பையன் ஒருவன் தூக்குவாளியோடு மில் கேட்டுக்கு ஓடுவான். நான் வாத்தியாரான பிறகு அந்தப் பையன்கள் என் வகுப்பில் உட்கார்ந்தார்கள். மதியத்துக்கு மேல் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வருகிறவனிடம் நான் காரணம் கேட்டதில்லை. கையைப் பார்த்தாலே தெரியும், தூக்குவாளிக் கம்பி உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டிருக்கும்.

வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எங்கே போகிறார்கள்? பிரெஞ்சுக்காரர் வீதிகளையும் தமிழர் வீதிகளையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போகிறார்கள். மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகான வீதிகள்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் என் மாணவர்களே, இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளே, பிரெஞ்சு வரலாறு என்றால் அந்த மஞ்சள் சுவர்தான் என்று தேர்வுத்தாளில் எழுதினார்கள். அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அந்தச் சுவர்களைக் கட்டக் காசு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. துணியில் வந்தது ஐயா. நம் ஊர்த் துணியில் வந்தது. பிரெஞ்சுப் புதுச்சேரியின் கதையைச் சொல்ல வேண்டுமானால் வாய்க்காலுக்கு மேற்கே, கடலூர் சாலையில், பூட்டிக் கிடக்கும் அந்த மில் கேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முதலில் ஒரு நீலத் துணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கினே' என்றார்கள். பருத்தித் துணி. நம் சோழமண்டலக் கரை நெசவாளர்கள் நெய்து, அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தது. கிட்டத்தட்டக் கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த நீலம். இந்தத் துணியை இங்கே யாரும் பெரிதாகக் கட்டவில்லை. அது கப்பலேறி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் செனகலுக்குப் போனது.

செனகல் ஆற்றின் வடகரையில் மூர் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களிடம் ஒரு பொருள் இருந்தது, பிசின். நம்மூர்க் கருவேல மரத்தில் வடியுமே, அந்த இனத்து மரத்திலிருந்து எடுக்கும் பிசின்தான். ஐரோப்பாவில் துணியில் பூ அச்சடிக்கவும் பட்டுக்கு மெருகு ஏற்றவும் அது இல்லாமல் முடியாது. பிரெஞ்சு வியாபாரிகள் பிசின் கேட்டபோது மூர் வணிகர்கள் விலையாகக் கேட்டது இந்த நீலத் துணியைத்தான். இத்தனை பிசினுக்கு இத்தனை துண்டு கினே என்று கணக்கு. துணியே அங்கே நாணயமாகப் புழங்கியது! பாலைவனத்தில் அதை உடுத்தினால் நீலம் உடம்பில் இறங்கும். அதையும் அவர்கள் விரும்பினார்கள். பிரான்சில் ரூவான் நகரத்து ஆலைக்காரர்கள் அதே போலத் துணி செய்து அனுப்பிப் பார்த்தார்கள். மூர் மக்கள் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இது பாண்டிச்சேரித் துணி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். வில்லியனூர்ப் பக்கமும் அரியாங்குப்பம் பக்கமும் பெயர் தெரியாத நெசவாளியும் சாயக்காரரும் செய்த வேலையின் வாசனையை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் மூக்கு தெரிந்துவைத்திருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும். இப்போதும் தடுமாறுகிறது, மன்னியுங்கள்.

சரி, கைத்தறியில் நடந்த வியாபாரத்தில் மில் எப்படி நுழைந்தது?

1820களின் இறுதியிலேயே இங்கே ஆலை வந்துவிட்டது. அதுதான் சவானா மில், பிற்காலத்தில் நாம் சுதேசி மில் என்று சொன்னது. பம்பாயில் முதல் பருத்தி ஆலை 1850களில்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1870களின் இறுதியில் பிரான்ஸ் இன்னொரு காரியம் செய்தது. செனகலுக்கு வரும் வெளிநாட்டுத் துணிக்குக் கூடுதல் வரி போட்டு, பாண்டிச்சேரித் துணிக்குச் சலுகை கொடுத்தது. அவ்வளவுதான், முதலாளிகள் கண் இந்தச் சின்ன ஊர் மேல் விழுந்தது. பிரெஞ்சுக் கொடி பறக்கும் மண்ணில் நெய்தால் பிரெஞ்சுக் காலனிகளில் தடையில்லாமல் விற்கலாம். 1892இல் கெப்ளே மில் வந்தது, பிறகு பாரதி மில் ஆனதே அது. 1898இல் நம் ரோடியர் மில் வந்தது. அதன் கம்பெனிப் பெயரைக் கவனியுங்கள், ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். சுருக்கி ஏ.எஃப்.டி. என்கிறோம். பிரெஞ்சு மண், ஆங்கிலேய முதல், தமிழ் உழைப்பு. பெயரில் முதல் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது.

ஏ, பி, சி என்று மூன்று யூனிட்டாக வளர்ந்தது. பஞ்சு உள்ளே போனால் துணியாக வெளியே வரும், இடையில் எதற்கும் வெளியாளை நம்ப வேண்டாம். பேலை உடைத்துப் பஞ்சைப் பிரித்து அடிக்கும் புளோரூம், அப்புறம் பஞ்சைச் சீவும் கார்டிங், நூல் நூற்கும் ஸ்பின்னிங், நூலைச் சுற்றும் வைண்டிங், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங், தறிக்கூடம், வெளுப்பது, சாயம் போடுவது, மடிப்பது. ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு முகம் உண்டு. புளோரூமிலிருந்து வருகிறவர் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், நாற்பது வயதிலேயே நரைத்தவர் போலத் தெரிவார். சாயக்கூடத்துக்காரருக்கு நகக்கண்ணில் நிறம் போகவே போகாது. தறிக்கூடத்துக்காரர்கள் உரக்கப் பேசுவார்கள், தெருவில் நின்று பேசினாலும் சண்டை போடுவது போல இருக்கும். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரைக்குள் அடிக்கும் இடத்தில் காது எப்படி இருக்கும்? அவர்கள் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் இப்போதும் என் உதட்டைத்தான் பார்க்கிறார்கள், எனக்குத் தெரிகிறது.

சம்பள நாள் என்றால் கேட்டுக்கு வெளியே திருவிழா. வேர்க்கடலை, மல்லிகைப்பூ, தவணைக்குத் துணி, பாத்திரம், ஒரு ஓரத்தில் வட்டிக்குக் கொடுத்தவர் காத்திருப்பார். பதிலிக்காரர்கள் பாடுதான் பாவம். யாராவது வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு இன்றைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வார்களா என்று தினமும் விடியற்காலையில் கேட்டில் வந்து நின்றவர்கள். பல வருடம் அப்படி நின்றவர்கள் உண்டு.

இனி இன்றைய தேதிக்கு வருகிறேன்.

1930களில் இந்த மூன்று ஆலைகளிலும் வேலை நேரம் என்று சொல்லத்தக்க ஒரு வரம்பே கிடையாது. விடியுமுன் போனால் இருட்டிய பிறகு வருவார்கள். பெண்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே. பிரான்சில் இருந்த தொழிலாளர் சட்டங்கள் கடல் தாண்டி இங்கே வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூரில், பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமாவது இருந்தது, 1934 சட்டப்படி நாளைக்குப் பத்து மணி நேரம். நம்மாட்களுக்கு அதுவும் இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிவைத்த நாட்டின் ஆட்சியில் சங்கம் வைக்க உரிமை இல்லை.

வ. சுப்பையா அப்போது இருபது வயதைத் தாண்டிய இளைஞர். 1934இல் 'சுதந்திரம்' என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்துபோனார். தீண்டாமை ஒழிப்பு வேலைக்காகச் சேரிகளுக்குள் போன சுப்பையா, அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் மில் தொழிலாளர்கள் என்பதைக் கண்டார். 1935 பிப்ரவரியில் சவானாவில் வேலைநிறுத்தம் நடந்தது. 1936இல் மூன்று ஆலைகளிலும் தீ பற்றியது போலப் பரவியது. வெளியே வந்து நின்றால் வேறு ஆளை வைத்து ஓட்டிவிடுவார்கள் என்பதால், உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆண்டு கோடையில் பிரான்சுத் தொழிலாளர்களும் அப்படித்தான் ஆலைகளுக்குள் உட்கார்ந்து போராடி வாரம் நாற்பது மணி நேரத்தை வாங்கினார்கள். பாரிசில் இடதுசாரிகள் சேர்ந்த மக்கள் முன்னணி ஆட்சி வந்திருந்தது. பாரிஸ் தொழிலாளிக்குக் கிடைத்தது பாண்டிச்சேரித் தொழிலாளிக்கும் கிடைக்கும் என்று நம்பினார்கள்.

1936 ஜூலை 30. சவானா ஆலைக்குள் இருந்தவர்கள் மேல் துப்பாக்கிகள் திரும்பின. பன்னிரண்டு பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் பலர். அன்றைக்கு மில்லுக்குப் போன கணவனுக்கு, அண்ணனுக்கு, எத்தனை தூக்குவாளி கேட்டில் காத்திருந்ததோ என்று நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி மேடையில் வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு பேர் பெயரும் கல்லில் இருக்கிறது. இன்று காலை அங்கே போய் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துவிட்டு வந்தேன்.

செத்தவர்கள் ரத்தம் காயவில்லை, பேச்சுவார்த்தை தொடங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி வந்து தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். சுப்பையா 1937இல் பாரிசுக்கே போனார். 1937 ஏப்ரல் 6ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலைநாள், சங்கம் வைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியவர்கள் நாங்கள் என்று நம் ஊர் முதியவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு 1946இல்தான் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்பது வருடம்.

தோழர்களே, சட்டப் புத்தகத்தில் எட்டு மணி நேரம் என்பது ஒரு வரி. முதலியார்பேட்டையில் அது என்ன ஆயிற்று தெரியுமா? சாயங்காலம் ஆயிற்று. அதற்கு முன் மில்காரன் வீட்டுக்குச் சாயங்காலமே கிடையாது. அப்பா விழித்திருக்கும்போது பிள்ளை பார்த்ததில்லை. எட்டு மணி நேரம் வந்த பிறகுதான் இந்தத் தெருக்களில் வாசகசாலையும் நாடகமும் பந்து விளையாட்டும் இரவுப் பள்ளியும் வந்தன. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் மில் தொழிலாளி இல்லாத ஊர்வலம் உண்டா? மாலையில் நேரம் இருந்தவன்தான் ஊர்வலம் போக முடியும். 1954 அக்டோபரில் கீழூரில் வாக்கெடுத்து, நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியபோது, அதில் இந்த ஆலைகளின் வியர்வைக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் கேட்ட வசனம் ஒன்று உண்டு. "சங்கம் வந்தது, மில் செத்தது" என்று வெள்ளைச் சட்டை போட்டவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எண்ணிப் பாருங்கள். சங்க உரிமை வந்தது 1937இல். அதற்குப் பிறகு ஏ.எஃப்.டி. ஓடியது சுமார் எழுபது ஆண்டு! அது இல்லாமல் ஓடியது நாற்பதுக்கும் குறைவு.

பின் ஏன் சாய்ந்தது? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

மில்லைப் பெற்றெடுத்தது காலனிச் சந்தை. 1954க்குப் பிறகு பிரெஞ்சுக் கொடியும் இல்லை, அந்தச் சலுகையும் இல்லை. செனகலும் 1960இல் விடுதலை பெற்றுத் தன் வழி பார்த்தது. ஏ.எஃப்.டி. அதையும் தாண்டி உள்நாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் நெய்து நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் நாடு முழுக்க, பஞ்சு முதல் துணிவரை ஒரே கூரைக்குள் செய்யும் பெரிய ஆலைகளுக்கெல்லாம் ஒரே காய்ச்சல் வந்தது. நூற்பு ஒரு பக்கம் பிரிந்து கோயம்புத்தூர்ப் பக்கம் புது எந்திரங்களோடு வளர்ந்தது. நெசவு விசைத்தறிக்குப் போனது. ஈரோட்டிலும் சோமனூரிலும் ஒரு கொட்டகைக்குள் நாலு தறி போட்டவர், பி.எஃப். இல்லை, போனஸ் இல்லை, எட்டு மணி நேரமும் இல்லை, அதனால் மலிவாகக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தத் தறியில் நிற்கிறவனும் நம்மாள்தான். 1937இல் நாம் வாங்கியதை அவனுக்கும் வாங்கிக் கொடுக்காமல் விட்டோம். அந்த இடைவெளி வழியாகத்தான் நம் மில்லின் சந்தை ஒழுகிப்போனது. பாலியஸ்டர் வேறு வந்து பருத்தியைத் தள்ளியது.

சவானாவும் கெப்ளேயும் நலிந்து தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போயின. ரோடியர் மில் 1980களின் தொடக்கத்தில் கதவை மூடியது. ஊரே தெருவுக்கு வந்தது. 1980களின் நடுவில் புதுச்சேரி அரசு மில்லை எடுத்து, அதற்கென்று ஒரு ஜவுளிக் கழகம் வைத்து மறுபடி ஓட்டியது. மறுபடி சங்கு ஊதிய அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் கற்பூரம் ஏற்றினார்.

காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் காப்பாற்றுவது வேறு, நடத்துவது வேறு. எந்திரத்துக்கு வயது உண்டு. ஷட்டில் தறி அடிக்கும் வேகத்துக்கும் புதிய ஷட்டில் இல்லாத தறி ஓடும் வேகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பழைய எந்திரத்தை மாற்றப் பணம் கேட்டால், இந்த வருடம் சம்பளத்துக்கு மட்டும் தருகிறோம், எந்திரத்தை அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஆகும். அடுத்த வருடமும் அதுவே நடக்கும். வருடத்துக்கு வருடம் நட்டம் ஏறும். மில்லை மூடுவது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஓட்டுவது என்றும் யாரும் முடிவெடுக்கவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதுவே நடந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தபோது மில்லின் கூரைகள் போயின. நல்ல உடம்பாக இருந்தால் புயலைத் தாங்கியிருக்கும். 2013 முதல் லே-ஆஃப். வேலை இல்லாமல் பாதிச் சம்பளம். கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்தேன். எந்திரம் தொட்ட கைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவர்களைக் கேளுங்கள்.

2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு ஏ.எஃப்.டி. மூடப்பட்டது. கொரோனாவுக்காக ஊரே வீட்டுக்குள் அடைந்துகிடந்த மாதம். கேட்டுக்கு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகக்கூட முடியவில்லை. அதே ஆண்டில் சுதேசியும் பாரதியும் மூடப்பட்டன. 1820களில் தொடங்கிய ஒரு தொழில் ஒரே ஆண்டில் ஊரை விட்டுப் போனது. பணிக்கொடைக்கும் நிலுவைக்கும் பிறகும் போராட வேண்டியிருந்தது உங்களுக்குத் தெரியும்.

இப்போது மில் திடலில் கண்காட்சி நடக்கிறது. பேருந்து நிலைய வேலை நடந்தபோது பேருந்துகள் அங்கே வந்து நின்றன. நல்லது, பொதுமக்களுக்கு உதவுகிறது. ஆனால் நகரத்தின் நடுவில் இருக்கும் அவ்வளவு பெரிய நிலத்தை என்ன செய்வது என்று ஒருநாள் யாரோ முடிவெடுப்பார்கள். அதற்குள் நாம் வாய் திறக்க வேண்டும். ஒரு தறிக்கூடத்தையாவது இடிக்காமல் விடுங்கள் என்று கேட்போம். சங்கையும், நாலு தறியையும், ஒரு துண்டு நீலத் துணியையும் அதில் வைக்கட்டும். படம் எடுக்க வருகிறவர்கள் வாய்க்காலைத் தாண்டி மேற்கேயும் வரட்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், டோக்கன் இருக்கும். சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, மடங்கிப்போன குரூப் போட்டோ இருக்கும். குப்பை என்று போடாதீர்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு என் பழைய மாணவர்கள் நாலு பேர் இதே இடத்தில் இருப்பார்கள். கொண்டுவந்தால் படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நூல் நூற்கும் ரிங் பிரேமில் நின்ற அம்மாக்கள் கட்டாயம் வர வேண்டும். அறுந்த நூலை எந்திரத்தை நிறுத்தாமலே ஒரு விரலால் எப்படிச் சேர்த்தீர்கள் என்பதை அந்த மாணவர்கள் வீடியோவில் பதிவு செய்யப்போகிறார்கள். வர முடியாதவர்கள் தெருப் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள், பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள்.